கடலோரப் பள்ளிக்குத் தற்காலிக வகுப்பறை: தகரக் கொட்டகையா, பஃப் பேனலா?

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் இறந்தபின், மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இடித்தது சரிதான். புதுக் கட்டடம் எழும்பும்வரை பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? அரசுப் பணத்தில் அதற்குப் போடப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள உப்புக்காற்றில் அவை எப்படித் தாங்குகின்றன என்பதே இந்த மதிப்பீடு.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புப் பைப்பில் சட்டம் கட்டி ஒற்றைத் தகரம் போட்ட கொட்டகை விலை குறைவு, சீக்கிரம் எழும்பிவிடும். நல்லது அவ்வளவுதான். பதினோரு மணிக்கு மேல் உள்ளே வெக்கை தாங்காது. ஐப்பசி மழை தகரத்தில் விழுந்தால் டீச்சர் கத்தினாலும் பின்வரிசைக்குக் கேட்காது. கச்சான் என்கிற மேல்காற்றுக் காலத்தில் மணல் வந்து நோட்டின்மேல் படியும். இந்தக் கரைக்கு இது வேண்டாம்.

பஃப் பேனல் அறை பரவாயில்லை. இரண்டு வண்ண இரும்புத் தகடுகளுக்கு நடுவே பஃப் எனப்படும் பாலியூரித்தேன் நுரை நிரப்பிய பலகை அது. 50 மி.மீ. கனம், 0.5 மி.மீ. தகடு, கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியுள்ள நுரை என்றால் வெயிலும் தணியும், மழைச் சத்தமும் அமுங்கும். இந்த மூன்று எண்ணும் கொட்டேஷனில் இல்லையென்றால் மெல்லிய தகடும் நடுவில் தெர்மாகோலும் வந்து இறங்க வாய்ப்புண்டு. இறக்கும்போதே ஒரு துண்டை அறுத்துப் பாருங்கள்.

கடலிலிருந்து தள்ளியிருக்கும் பரமக்குடியில் நன்றாக நிற்கும் அதே அறை பாம்பனில் சீக்கிரம் அரித்துவிடும். அரிப்பு தகட்டின் நடுவில் தொடங்குவதில்லை. அறுத்த விளிம்பு, ஸ்க்ரூத் தலை, சுவர்ப் பேனலின் அடி உட்காரும் யூ வடிவ இரும்புச் சேனல் ஆகிய இடங்களில்தான் ஆரம்பம். மூன்றில் மோசமானது சேனல். வாடை மழை சாய்ந்து அடிக்கையில் சுவரில் வழியும் தண்ணீர் அதற்குள் இறங்கித் தேங்கும்; வெளியேற வழியில்லாமல் உப்போடு சேர்ந்து பேனலின் அடித்தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ட் கொப்புளமாகத் தெரியும் நேரத்தில் கட்டைவிரலால் அழுத்தினாலே தகடு பொத்துக்கொள்ளும். ஆகவே சேனலைத் தளத்தைவிட ஓரங்குலம் உயர்ந்த கான்கிரீட் திண்டில் வைத்து, இரண்டடிக்கு ஒரு வடிதுளை போடச் சொல்லுங்கள். அறுத்த விளிம்புக்கெல்லாம் ஜிங்க் பெயின்ட் வேண்டும். ஸ்க்ரூவுக்கு ரப்பர் வாஷர் கட்டாயம். கூரையில் துளை போட்டு விழும் இரும்புத்தூளை அன்றைக்கே கூட்டித் தள்ள வேண்டும். கிடந்தால் துருவாகி மேல்பூச்சையும் கெடுக்கும்.

அறை எடை குறைந்தது என்பதால் காற்று அதைத் தள்ளுவதைவிடத் தூக்கவே பார்க்கும். 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயல் அடித்த கரை இது. பேஸ்மட்டத்தின் மேல் சும்மா போல்ட் அடித்து நிறுத்துவது போதாது. ஒவ்வொரு தூணுக்கும் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டு, ஆங்கர் போல்ட்டை அதிலேயே புதைக்க வேண்டும். கலவைக்கும் நனைக்கவும் நல்ல தண்ணீர்தான். ஊர்த் தண்ணீர் உப்பு என்றால் லாரித் தண்ணீர்ச் செலவை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள்; சேர்க்காவிட்டால் கொத்தனார் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றுவார்.

தீ விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தது கீற்றுக் கூரையில் பிடித்த தீயால். பஃப் நுரையும் எரியும், நச்சுப் புகை விடும். வெளிப்பக்கம் திறக்கும் கதவு இரண்டு வேண்டும். வயரைப் பேனலுக்குள் சொருகாமல் வெளியே பைப்பில் கொண்டுபோக வேண்டும். நுரைக்குப் பதில் பாறையை உருக்கி இழைத்த பஞ்சு வைத்த, எரியாத ராக்வூல் பேனல் கிடைத்தால், விலை கூடினாலும் அதையே வாங்கலாம்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லப்படும் விலையில் என்னென்ன அடக்கம் என்று கேளுங்கள். பேஸ்மட்டம், வயரிங், லாரி வாடகை, 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்தால்தான் உண்மைச் செலவு தெரியும். சட்டம் முழுக்க போல்ட் இணைப்பாக இருந்தால், புதுக் கட்டடம் வந்ததும் கழற்றி அடுத்த பள்ளிக்கு அனுப்பலாம். வெல்டிங் வைத்துவிட்டால் போட்ட பணம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். பில்லில் ஒரு பகுதியை முதல் மழைக்காலம் முடியும்வரை பிடித்து வைக்க ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கார்த்திகை மழையில் எங்கே ஒழுகுகிறது என்று பள்ளி மேலாண்மைக் குழு பார்த்துத் தீர்மானம் போட்ட பிறகு அதை விடுவிக்கலாம். மாதம் ஒருமுறை சுவரையும் சேனலையும் நல்ல தண்ணீரால் கழுவ, ஆள்கூலியோடு பராமரிப்புத் தொகையும் ஒதுக்க வேண்டும்.