ஃபியட்ட ரெஸ்டோர் பண்ண குடுத்து ஏமாந்த கதை, வண்டி விடறதுக்கு முன்னாடி எஞ்சின் நம்பர பாத்துக்கோங்க

கொஞ்சம் நீளமான பதிவுங்க. பழைய கார் ஆசை இருக்கறவங்க முழுசா படிங்க, இல்லாதவங்க குடுத்து வச்சவங்க.

என்கிட்ட 1978 மாடல் பிரீமியர் பத்மினி ஒண்ணு இருக்கு. ஆர்.சி.ல தான் பத்மினி, எங்க வீட்ல எல்லாருக்கும் அது ஃபியட்டு. பெரியப்பா வண்டி. அவருக்கு கண்ணு சரியா தெரியாம போனதுக்கப்புறம் "நீயே வச்சுக்கடா, சும்மா நின்னா எலி தின்னுரும்"னு எம்பேருக்கு மாத்தி குடுத்துட்டாரு. ஸ்டியரிங் கியர், 1089 சிசி எஞ்சின், இத்தன வருசத்துல ஒரு தடவ கூட போர் பண்ணல (சிலிண்டர் தேஞ்சா கடைஞ்சு பெருசாக்கி பெரிய பிஸ்டன் போடறது தான் போர்). போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் பெரியப்பா பெருமையா சொல்றது அது ஒண்ணு தான், "ஸ்டாண்டர்டு போரு, கம்பெனி பிஸ்டன்"னு.

ஓடிட்டு தான் இருந்துச்சு. ஆனா டிரைவர் சீட்டுக்கு கீழ ஃப்ளோர் துருப்பிடிச்சு ரோடு தெரியும், மழைல போனா செருப்பு நனையும். சரி ஒரே தடவையா முழுசா பண்ணிரலாம்னு 2021 பிப்ரவரில கோயமுத்தூருக்கு வெளிய ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பேரு போட மாட்டேன், கேஸ் போட போறேன், வக்கீல் வேண்டாம்னு சொல்லிருக்காரு. அங்க அப்ப ரெண்டு அம்பாசிடர், ஒரு வில்லிஸ் ஜீப்புன்னு பளபளன்னு நின்னுச்சு. அதுல ஒண்ணு கூட அந்த ஓனரு பண்ணதில்ல, பெயிண்ட் பூத்த வாடகைக்கு எடுத்த வேற ஆளோடதுன்னு ரொம்ப நாள் கழிச்சு தான் தெரிஞ்சுது.

பேச்சு என்னன்னா டிங்கரிங், பெயிண்டிங், சீட்டு, ஒயரிங், குரோம் எல்லாம் சேத்து 2,80,000, எட்டு மாசம். எஞ்சினுக்கு டியூனிங் மட்டும், பிரிக்க வேண்டாம்னு தெளிவா சொன்னேன். வாயில தான் சொன்னேன், அது என் முட்டாள்தனம். 60,000 அட்வான்ஸ். பத்தே நாள்ல போன் பண்ணி "தம்பி வந்து பாருங்க"ன்னாரு, போய் பாத்தா கதவு, பானெட், டிக்கி, கண்ணாடி எல்லாம் கழட்டி வெறும் கூடு நிக்குது. எவ்ளோ வேகமா வேலை நடக்குதுன்னு எனக்கு சந்தோஷம் வேற. இப்ப யோசிச்சா அந்த பத்து நாள்ல தாங்க நம்ம குடுமி அவரு கைக்கு போயிருக்கு, பிரிச்சு போட்ட வண்டிய எங்கயும் தூக்கிட்டு போக முடியாதுல்ல, அதுக்கப்புறம் கேட்டப்பல்லாம் குடுக்க வேண்டியது தான்.

அப்படியே குடுத்தேன். 30,000 கதவு, கண்ணாடி ரப்பர் பீடிங்குக்கு, 25,000 குரோமுக்கு, மெட்ராஸ் புதுப்பேட்டை பழைய ஸ்பேர் மார்க்கெட்ல மீட்டர் கெடச்சிருக்கு உடனே எடுக்கணும்னு ஒரு 12,000. (என் மீட்டர் நல்லா தானே இருந்துச்சுன்னு கேட்டா "அது உள்ள கேபிள் போயிருச்சு தம்பி"ன்னு பதில்.) 2023 அக்டோபர் கடைசில பம்பாய்ல கடைசி பத்மினி டாக்ஸி ரோட்ட விட்டு போச்சுன்னு எல்லா பேப்பர்லயும் வந்துச்சே, அந்த வாரம் அவரே கூப்டாரு, "இனி ஃபியட்டு ரேட்டு எங்கயோ போகும், 2028ல உங்க வண்டிக்கு 50 வயசு, வின்டேஜ் நம்பர் வாங்கிரலாம், பத்து லட்சத்துக்கு கேப்பாங்க, ஒரு 40,000 போடுங்க சீக்கிரம் முடிச்சரலாம்". போட்டேன். இங்க எழுதாததும் சேத்து மொத்தம் 2,35,000 ஆச்சு, அதுல ஜிபே கணக்கு 1,40,000 தான், மிச்சம் கைல குடுத்தது. ஒரு பில்லு கெடையாது.

2025 ஜூன்ல அவரே "இடம் காலி பண்றேன், வண்டிய எடுத்துக்குங்க"ன்னுட்டாரு. டெம்போல ஏத்தி வீட்டுக்கு கொண்டாந்தேன். வெளிய க்ரீம் கலர் ஜம்முனு இருந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தத்த எடுத்து கதவுல வச்சேன், டொப்புன்னு கீழ விழுந்துச்சு. நாலு கதவுலயும் கீழ்ப்பாதி முழுக்க தகடில்ல, வெறும் பட்டிப் பூச்சு. ஃப்ளோர்ல கருப்பா அண்டர் கோட்டிங் அடிச்சிருந்தாங்க, ஸ்க்ரூடிரைவர வச்சு லேசா அமுக்குனேன், பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு. தகடே மாத்தல, ஓட்டை மேல ஃபைபர் மேட்ட போட்டு ரெசின் ஊத்தி கருப்படிச்சு விட்டுருக்காங்க.

இது கூட பரவால்லங்க, காசு தான. பெரிய அடி அப்புறம் தான். ஆர்.சி 2024 ஜனவரிலயே முடிஞ்சிருந்துச்சு, ரினியூ பண்ணலாம்னு ஆர்டிஓ வேலை பாக்கற கன்சல்டன்ட் ஒருத்தர வர சொன்னேன். அவரு சேஸிஸ் நம்பர் மேல பேப்பர வச்சு பென்சில்ல தேச்சு பிரிண்ட் எடுத்தாரு, சரியா இருந்துச்சு. அப்புறம் பெட்ரோல் நனைச்ச துணியால எஞ்சின் பிளாக்க தொடச்சு ஒவ்வொரு நம்பரா படிச்சாரு, ஆர்.சிய பாத்தாரு, மறுபடி தொடச்சாரு. "ஏனுங்க, எந்த வண்டி ஆர்.சிய குடுத்துருக்கீங்க?"

எஞ்சினயே மாத்திட்டாங்க. மெக்கானிக் ஒருத்தர வச்சு ஹெட்ட கழட்டி பாத்தா பிஸ்டன்ல 60 ஓவர்சைஸ்னு குத்தியிருக்கு, இதுக்கு மேல போர் பண்ண அதுல ஒண்ணுமில்ல. பெரியப்பாவோட ஸ்டாண்டர்டு போர் பிளாக்கு எவன் வண்டிலயோ ஓடிட்டு இருக்கு.

ஒர்க்‌ஷாப்காரர்கிட்ட கேட்டேன். "நீங்க குடுத்ததே அது தான் தம்பி". அவ்ளோ தான் பதிலு. மறுநாளே யாரோ ஒருத்தர் போன், உங்க ஃபியட்டு விலைக்குன்னு கேள்விப்பட்டேன், இருக்கறபடியே 45,000 தர்றேன், பேர் மாத்தறதெல்லாம் வேண்டாம், வண்டிய ஒப்படைச்சேன்னு எழுதற டெலிவரி நோட்டு போதும்னாரு. நான் யார்கிட்டயும் விக்கறேன்னே சொல்லல. நம்ம வண்டிய பிரிச்சு போட்டவரே நமக்கு ஆள் அனுப்பறாரு, பாதி வேலைல நம்மள சலிக்க வச்சு அடிமாட்டு விலைக்கு வாங்கறது தான் தொழிலேன்னு எனக்கு இப்ப தோணுது, நிரூபிக்க முடியாது. ஆனா உங்களுக்கும் இப்படி சொல்லாம கொள்ளாம ஒரு பார்ட்டி வந்தா கொஞ்சம் உஷாரா இருங்க.

டெலிவரி நோட்டுல விக்கறத பத்தி ஒண்ணு சொல்லிர்றேன். 29, 30 ஃபாரம் போட்டு ஆர்டிஓல பேர் மாத்தாத வரைக்கும் வண்டி நம்மளது தான், அது நாளைக்கு எங்க போய் இடிச்சாலும் ஆர்.சில பேர் இருக்கறவன் தான் நஷ்டஈட்டுக்கு பொறுப்புன்னு 2018லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. 45,000க்கு ஆசப்பட்டு அந்த தலவலிய வாங்க முடியுமா.

வின்டேஜ் கதையும் அப்படித்தான். 2021ல வந்த ரூல்ல 50 வயசு மட்டும் பத்தாது, சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெருசா மாத்தம் பண்ணிருக்க கூடாது, வாங்குனா கூட தினம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலின்னு தான் எடுக்கலாம். எஞ்சினயே கழட்டி வித்துட்டு எனக்கு வின்டேஜ் ஆச காட்டிருக்காரு பாருங்க, அந்த தைரியத்த என்ன சொல்ல.

வச்சுக்கறதா விக்கறதான்னு வீட்ல தினம் பேச்சு. இன்னொரு டிங்கர் கிட்ட காட்டுனேன், தகடு மாத்தி ஒழுங்கா பண்ண இன்னும் 1,60,000 ஆகும்னாரு. நான் "ஏற்கனவே ரெண்டேகால் லட்சத்துக்கு மேல போட்டாச்சே"ன்னு ஆரம்பிச்சேன், என் வீட்டம்மா ஒரே கேள்வி தான் கேட்டா, "போனது போச்சு, இந்த கோலத்துல வேற எவனோ ஒருத்தன் 45,000க்கு விக்கறான்னா நீ வாங்குவியா?" வாங்குவேன்னு வாய்ல வந்துருச்சு. அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா.

ஆனா வச்சாலும் வித்தாலும் அந்த எஞ்சின் நம்பர் குறுக்க நிக்குது. உள்ள இருக்கற எஞ்சின் எந்த வண்டியோடதுன்னு பேப்பர் இல்லாம ஆர்.சில ஏத்த முடியாதுன்னு கன்சல்டன்ட் கைய விரிச்சுட்டாரு. இதுக்கு நடுவுல ரினியூவல் ஃபீஸு, 2022 ஏப்ரல்ல 600ல இருந்து 5,000 ஆச்சு, 2025 ஆகஸ்ட்ல 20 வருசம் தாண்டுன காருக்கு 10,000 ஆயிருச்சு.

போலீஸ் ஸ்டேஷன்ல புகார் குடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்கிருக்கேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு ரெடி ஆகுது, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது, பிரச்சன நடந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். வண்டி விடறவங்க தயவுசெஞ்சு எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், மீட்டர், கார்புரேட்டர் எல்லாத்தயும் அந்த ஓனர் முன்னாடியே போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸப்ல அனுப்பிருங்க. "கெடச்சுது"ன்னு அவரு போடற ஒரு ரிப்ளை போதும், என்கிட்ட அது இல்ல.

பெரியப்பாகிட்ட இன்னும் சொல்லல. கண்ணு தான் தெரியாது, காது நல்லா கேக்கும். ஸ்டார்ட் பண்ணா அது அவரு எஞ்சின் இல்லன்னு தெரிஞ்சுரும்னு பேட்டரிய கழட்டி வச்சிருக்கேன்.

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் 2021 பிப்ரவரிக்கு அப்புறம் ஸ்டாண்டர்டு போர் ஃபியட்டு எஞ்சின் யாராச்சும் வாங்கிருந்தீங்கன்னா பிளாக்க ஒரு தடவ தொடச்சு நம்பர பாருங்க. என் ஆர்.சிய காட்டறேன். சண்டைக்கு வரலங்க, நீங்க போட்ட காச குடுத்து எடுத்துக்கறேன்.