சென்சாருக்கும் கார்டுக்கும் நடுவே: திறந்த மூல சினிமா கேமராக்கள், ஓர் ஒப்பீடு

வரைபடமும் நிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறந்த மூல சினிமா கேமரா என்றதும் முதலில் வரும் கேள்வி ‘என்ன சென்சார்?’ என்பதுதான். அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. எந்தத் திறந்த மூலக் குழுவும் சென்சார் சில்லைத் தானே தயாரிப்பதில்லை. இங்கே ஒப்பிடும் மூன்றில், அபெர்டஸ் குழுவின் ஆக்சியம் பீட்டா கேமராவில் இருப்பது பெல்ஜியத்தின் சிமோசிஸ் வடிவமைத்த சிஎம்வி12000. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையை வைத்துச் செய்யும் சினிபையில் இருப்பவை சோனியின் ஐஎம்எக்ஸ் வரிசைச் சென்சார்கள். கேனன் கேமராக்களில் ஓடும் கூடுதல் மென்பொருளான மேஜிக் லேன்டர்ன் என்றால், கேனன் உடம்புக்குள் ஏற்கெனவே இருப்பதுதான். சில்லு மூன்றிலும் மூடிய பொருளே. உண்மையான வேறுபாடு அதற்கு அடுத்த அடியில் தொடங்குகிறது: சென்சார் கொட்டும் தரவை எந்த வழியாக, எந்த வடிவத்தில் கார்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்பதில்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பாதை ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். 2028×1080 அளவில், 12 பிட் ராவாக (சென்சார் தந்த தரவு அப்படியே), நொடிக்கு 24 ஃபிரேம் எடுத்தால் நொடிக்குச் சுமார் 79 மெகாபைட். அதையே 4096×2160-க்கு உயர்த்தினால் 318 மெகாபைட். ஒரு மணி நேரப் பதிவு ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும். சுருக்கிப் பதிந்தால் ஆயிற்று என்று தோன்றும். அங்கேதான் சினிமா கேமரா தயாரிக்கும் ரெட் நிறுவனத்தின் அமெரிக்கக் காப்புரிமை குறுக்கே நின்றது. தரம் குறையாததுபோல் தெரியும்படி ரா வீடியோவைக் கேமராவுக்குள்ளேயே சுருக்குவதற்கான காப்புரிமை அது. ஆப்பிள் 2019-ல் அதை எதிர்த்துப் பார்த்துத் தோற்றது. 2022-ல் எந்த நிக்கான்மீது ரெட் வழக்குத் தொடுத்ததோ, அதே நிக்கான் 2024-ல் ரெட்டையே வாங்கிவிட்டது. இவ்வளவு பெரிய நிறுவனங்கள் மோதும் இடத்தில் சின்னக் குழுக்கள் கால்வைக்கத் தயங்கும். சுருக்காத ராவும் ஃபிரேமுக்கு ஒரு கோப்பாகச் சேமிக்கும் சினிமாடிஎன்ஜியும் இவர்களிடம் இன்னும் நிலைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

முதலில் ஆக்சியம். எல்ஃபெல் என்ற திறந்த வன்பொருள் கேமராவைச் சினிமாவுக்குப் பயன்படுத்த முடியுமா என்ற 2006-ம் ஆண்டுப் பேச்சிலிருந்து வளர்ந்தது அபெர்டஸ் குழு. இன்று வியன்னாவை மையமாகக் கொண்டது. 2014-ல் பீட்டாவுக்காகக் கூட்டு நிதி திரட்டியபோது இலக்காக வைத்த 1,00,000 யூரோவைத் தாண்டியது. சென்சார் சூப்பர் 35 அளவு (35 மி.மீ. ஃபிலிமின் ஃபிரேம் அளவு), 4096×3072 பிக்சல், குளோபல் ஷட்டர். அதாவது எல்லா வரிசைகளும் ஒரே கணத்தில் ஒளியைப் பிடிக்கின்றன. கேமராவை வேகமாகத் திருப்பினாலும் தூண்கள் சாயாது. மூளையாக இருப்பது சைலிங்ஸ் ஜின்க் சில்லு; அதற்குள் லினக்ஸ் ஓடும் ஏஆர்எம் பகுதியும் உள் சர்க்யூட்டையே மாற்றி எழுதக்கூடிய எஃப்பிஜிஏ பகுதியும் சேர்ந்திருக்கின்றன. சர்க்யூட் வரைபடங்கள், எஃப்பிஜிஏ நிரல், மென்பொருள் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. திறப்பின் ஆழத்தில் இதற்கு ஈடு இல்லை.

ஆனால் தரவுப் பாதையில் பீட்டா மூச்சு வாங்குகிறது. நேராகக் கிடைப்பது முழு எச்டி எச்டிஎம்ஐ வெளியீடு. முழுச் சென்சாரையும் 12 பிட்டில் 24 ஃபிரேமாக வெளியே எடுக்க நொடிக்குச் சுமார் 453 மெகாபைட் வேண்டும், யுஎஸ்பி 3.0 கோட்பாட்டளவில்கூட 625-தான், நடைமுறையில் இன்னும் குறைவு. குளோபல் ஷட்டருக்கும் ஒரு விலை உண்டு. சென்சாரின் தரவுத்தாளில் டைனமிக் ரேஞ்ச், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே பிடிக்கக்கூடிய வீச்சு, 60 டெசிபெல், ஏறக்குறைய 10 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளி இரட்டிப்பாவது). ஜன்னலுக்கு எதிரே முகத்தை வைத்து எடுக்கும் காட்சியில் இந்தக் குறை நன்றாகவே தெரியும். என் பார்வையில் பீட்டா ஒரு சோதனைக்கூடம். படப்பிடிப்புத் தளத்துக்கு அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடும் பொருள் அன்று. அதன் குழுவும் அதை மறைத்து விற்றதில்லை.

சினிபை இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. ராஸ்பெர்ரி பை பலகை, அதன் எச்க்யூ கேமரா, ஒரு திரை, 3டி பிரிண்டரில் அச்சிட்ட உடம்பு. எஃப்பிஜிஏ தெரிய வேண்டாம். லினக்ஸும் கொஞ்சம் சாலிடரிங்கும் தெரிந்தால் போதும். 2020-ல் வந்த எச்க்யூ கேமராவின் ஐஎம்எக்ஸ்477 சென்சாரில் மூலைவிட்டம் வெறும் 7.9 மில்லிமீட்டர். சூப்பர் 35-ல் அது சுமார் 28. எனவே 25 மி.மீ. லென்ஸை இதில் மாட்டினால், சூப்பர் 35-ல் கிட்டத்தட்ட 90 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணம்தான் கிடைக்கும். சின்ன அறையில் இரண்டு பேரை ஒரே ஃபிரேமில் அடக்க வேண்டிய இயக்குநருக்கு இது தலைவலி. அதனால்தான் ஆர்வலர்கள் ஐஎம்எக்ஸ்585, ஒரு அங்குல ஐஎம்எக்ஸ்283 போன்ற பெரிய சென்சார்களைப் பையோடு இணைக்கும் பலகைகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். இரண்டாவது சென்சார் ஏறக்குறைய சூப்பர் 16 அளவு. பழைய 16 மி.மீ. லென்ஸ்கள் அங்கே உயிர் பெறுகின்றன.

தரவுப் பாதை விஷயத்தில் ராஸ்பெர்ரி பை 5 நல்ல முன்னேற்றம். பிசிஐஇ என்ற வேகமான இணைப்பு வழியாக என்விஎம்இ எஸ்எஸ்டியை மாட்டலாம். நொடிக்கு 79 மெகாபைட் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. எரிச்சல் தருபவை வேறு. வரிசை வரிசையாக ஒளியைப் பிடிக்கும் ரோலிங் ஷட்டர், லினக்ஸ் எழுந்து வரும்வரை நடிகரை நிற்கவைத்துக் காத்திருப்பது, பலகையில் மைக் உள்ளீடு இல்லாததால் குரலைத் தனி ரெக்கார்டரில் பதிந்து பிறகு பொருத்துவது. கிளாப் பலகை இல்லாமல் வேலைக்கு ஆகாது. இருந்தாலும், ஒரு பட்டன் எங்கே இருக்க வேண்டும், அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரே மாலையில் மாற்றிக்கொள்ள முடிகிற கேமரா இந்தப் பட்டியலில் இது மட்டும்தான்.

மேஜிக் லேன்டர்ன் கேமராவே அன்று. ட்ராமெல் ஹட்சன் 2009-ல் கேனன் 5டி மார்க் 2-க்காகத் தொடங்கிய கூடுதல் மென்பொருள் அது. கேனனின் ஃபர்ம்வேரை (கேமராவை இயக்கும் உள் மென்பொருளை) அழிக்காமல் கார்டிலிருந்தே அதோடு சேர்ந்து ஓடும். 2013-ல் 5டி மார்க் 3-ல் 14 பிட் ரா வீடியோ வந்தபோது சுயாதீனப் படக்காரர்கள் மத்தியில் பெரிய பரபரப்பு. 1920×1080-க்கு நொடிக்குச் சுமார் 87 மெகாபைட் வேண்டும். வேகமான சிஎஃப் கார்டு தாக்குப்பிடிக்கும், எஸ்டி கார்டுத் துளை தாங்காது. திறப்பு என்று பார்த்தால் இதுதான் மிகக் குறைவு: வன்பொருள் முழுக்க மூடியது, ஒவ்வொரு மாடலையும் உள்ளே துருவிப் புரிந்துகொண்டுதான் எழுத முடியும். ஆனால் ஃபுல் ஃபிரேம் சென்சார், தூசி புகாத உடம்பு, உலகெங்கும் புழங்கும் லென்ஸ் மவுண்ட் எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. பழைய உடம்பு ஒன்று அலமாரியில் தூங்கினால் வேறெதையும் யோசிக்காமல் இதையே முதலில் முயலலாம்.

மூடிய போட்டியாளரையும் சொல்லிவிட வேண்டும். பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே 2018-ல் வந்தது. 13 ஸ்டாப் என்று நிறுவனம் சொல்கிறது. தொடக்கத்தில் சினிமாடிஎன்ஜி இருந்தது. 2019-ல் ஃபர்ம்வேர் மாற்றத்தோடு அது போய், நிறுவனத்தின் சொந்த ரா வடிவம் இடத்தைப் பிடித்தது. பெரும்பாலோருக்கு அதனால் நட்டமில்லை, கோப்புகள் சிறிதாயின. ஆனால் காசு கொடுத்து வாங்கிய கேமராவின் பதிவு வடிவத்தை வேறொருவர் ஒரு அப்டேட்டில் எடுத்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

நிறம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் செதுக்கும் தோல் நிறம் ஆக்சியத்திலோ சினிபையிலோ தானாக வராது. கலர் சார்ட்டை வெயிலிலும் விளக்கிலும் எடுத்து, நிறத்தைத் திருத்தும் சொந்த மேட்ரிக்ஸ் தயாரித்து, கிரேடிங்கில் உட்கார வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் திறந்த கேமராவைத் தொடாமலிருப்பது நல்லது.

படம் இந்த ஆண்டே திரைக்குப் போக வேண்டும், ஆள் பலமும் குறைவு என்றால் நான் பிளாக்மேஜிக் பாக்கெட்டையே கைகாட்டுவேன். இரவில் சாலிடரிங் இரும்போடு உட்காரப் பிடித்தவருக்கு, குறும்படத்துக்கு, பெரிய சென்சாரோடு சினிபை. ஆக்சியம் இரண்டு சாராருக்கு: சாயாத ஃபிரேம் இல்லாமல் எடுக்கவே முடியாத காட்சி வைத்திருப்பவருக்கும், தரவுப் பாதையை எஃப்பிஜிஏ-விலேயே மாற்றி எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பவருக்கும்.