வேகோ 221 கனெக்டர்: கார் ஸ்பீக்கர் ஒயருக்குச் சரிவருமா?

ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடினால் பலர் முதலில் ஸ்பீக்கரையே மாற்றிவிடுகிறார்கள். பல கார்களில் கோளாறு ஸ்டீரியோவுக்குப் பின்னால், ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இடத்தில்தான். வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை இளகி, முறுக்கு தளர்ந்துவிடும். அங்கே வேகோ 221 என்ற இந்த லீவர் கனெக்டர், அதாவது ஒயர்களை லீவரால் அமுக்கி இணைக்கும் சிறு துண்டு, அருமையான மாற்று. 0.14 முதல் 4 சதுர மி.மீ. வரையுள்ள மல்டி ஸ்ட்ராண்ட் (பல மெல்லிய இழைகள் கொண்ட) ஒயரைப் பிடிக்கும். 11 மி.மீ. தோலை உரித்து, லீவரைத் தூக்கி, செருகி, அமுக்கினால் போதும். உள்ளே செம்பு கடைசிவரை போயிருப்பது வெளியிலிருந்தே தெரியும். அமுக்கியபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கதவுக்குள் மட்டும் வேண்டாம், தண்ணீர் புகும். அங்கே சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) போடுவதே சரி.

வாங்குமுன் கோளாறு இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். ஸ்டீரியோ பின்னால் இடது, வலது ஜோடிகளை மாற்றிப் போட்டும் அதே ஸ்பீக்கர் மக்கர் செய்தால் ஸ்டீரியோ நல்லது. அந்த ஜோடியை ஸ்டீரியோவிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, கதவைத் திறந்து மூடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை அளவில் காட்டும். கதவு அசையும்போது எண் குதித்தால், கதவு ஓர ரப்பர் பெல்லோஸுக்குள் (ஒயர்கள் கதவுக்குள் போகும் மடிப்புக் குழாய்) ஒயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு இந்தக் கனெக்டர் உதவாது. புது ஒயர் இழுங்கள், ஜாயின்ட் பெல்லோஸின் வளையும் பகுதிக்குள் வரவே கூடாது.