நைலான் கிட்டாருக்கு ஸ்டீல் கம்பி மாட்டித் தரும் கடைகள்: பெற்றோர்களே, கவனம்

பிள்ளைகளுக்கு கிளாசிக்கல் கிட்டார், அதாவது நைலான் கம்பி போடும் கிட்டார், வாங்கிக் கொடுத்திருப்பவர்கள், கம்பி மாற்றக் கடையில் கொடுத்துவிட்டு அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே நின்று எந்தக் கம்பி ஏறுகிறது என்று பாருங்கள். சென்னையில் ஒரு இசைக்கருவிக் கடை என் அண்ணன் மகளின் கிட்டாரைப் பாழாக்கிவிட்டு, இப்போது எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறது.

அவளுடையது யமஹா சி40, நைலான் கம்பிக்கென்றே செய்தது. நாலாவது கம்பி அறுந்துபோனதால் முழு செட்டையும் மாற்றச் சொல்லி அண்ணி கொடுத்திருக்கிறார். "நைலான்தானே போடுவீங்க?" என்று கேட்டும் இருக்கிறார். அதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: "நைலான்லாம் இப்ப யாரு மேடம் போடுறா, ஸ்டீல் போட்டாதான் சவுண்டு நிக்கும், ரெண்டும் ஒண்ணுதான்." அப்படிச் சொல்லிவிட்டு 12-53 ஸ்டீல் செட்டை (மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053 அங்குலம்) மாட்டிக் கொடுத்துவிட்டார். தெரியாமல் செய்ததாக நான் நம்பத் தயாராக இல்லை. தினமும் கிட்டார் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. கடையில் நைலான் செட் இல்லையென்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

இரண்டும் ஒன்றே அல்ல. நார்மல் டென்ஷன் நைலான் செட்டை முழு டியூனிங்கில் ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். அதே இடத்தில் 12-53 ஸ்டீல் செட் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். இந்த இழுப்பைத் தாங்கத்தான் ஸ்டீல் கிட்டாரின் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது, உள்ளே மேல்பலகைக்குக் குறுக்குச் சட்டங்கள் பலமாக இருக்கின்றன, கம்பியின் குண்டு முனையும் பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) அடியில் போய்ப் பலகையையே பிடித்துக்கொள்கிறது. சி40 போன்ற கிட்டாரில் ட்ரஸ் ராட் கிடையாது, மேல்பலகைக்குக் கீழே இருப்பது லேசான சட்டங்கள், பிரிட்ஜ் நிற்பது வெறும் பசையில். அதில் போய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுமையை ஏற்றினால் என்ன ஆகும்?

ஆனது இதுதான். முதல் சில நாட்கள் சத்தம் கணீரென்று கேட்டதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் விரல் வலிக்கிறது என்று குழந்தை சொல்ல ஆரம்பித்தாள், டியூனிங் நிற்கவில்லை, 12-வது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பக்கம் கம்பி உயர்ந்துகொண்டே போனது. வகுப்பில் ஆசிரியர் பார்த்தவுடன் பதறிப்போய் ஆறு கம்பியையும் தளர்த்திவிட்டார். அதற்குள் பிரிட்ஜின் பின்விளிம்பு பலகையை விட்டுப் பிரிந்து, ஒரு விசிட்டிங் கார்டு உள்ளே நுழையும் அளவுக்கு இடைவெளி, பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகையும் உப்பியிருந்தது. டியூனிங் கீயின் பிளாஸ்டிக் உருளைகளில் ஸ்டீல் கம்பி அறுத்த தடம் வேறு.

கடைக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். "வெயில்ல வச்சிருப்பீங்க சார், சென்னை ஈரத்துக்கு மரம் தூக்கத்தான் செய்யும்" என்றார்கள். அதே வீடு, அதே அலமாரி, இத்தனை காலம் தூக்காத மரம் ஸ்டீல் மாட்டியவுடன் தூக்கியிருக்கிறது. கடைசியில், பிரிட்ஜில் இரண்டு ஸ்க்ரூ அடித்துத் தருகிறோம், அதற்குத் தனி சார்ஜ் என்றார்கள்! இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரிந்த பிரிட்ஜை முழுக்கக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, மரப்பசை போட்டு கிளாம்ப் வைத்து அழுத்தி ஒட்ட வேண்டும், அதுதான் முறை. ஸ்க்ரூவும், நொடியில் ஒட்டும் பசையும் அடுத்து ஒழுங்காகப் பழுது பார்ப்பவருக்கும் வேலையைக் கெடுத்துவிடும். இப்போது ஒரு கிட்டார் மெக்கானிக்கிடம்தான் கொடுத்திருக்கிறோம், அவரும் உப்பிய பலகை முழுசாக இறங்கும் என்று உறுதி சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் பிரிட்ஜைப் பாருங்கள். கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் பெரும்பாலும் நைலான் கிட்டார், வரிசையாக ஆறு பின் குத்தியிருந்தால் ஸ்டீல் கிட்டார். கழுத்தும் வித்தியாசப்படும், நட் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் பதிந்து போகும் சின்னக் கட்டை) பக்கம் நைலான் கிட்டார் சுமார் 52 மில்லிமீட்டர் அகலம், ஸ்டீல் கிட்டார் பெரும்பாலும் 43-ஐ ஒட்டி. நைலான் செட்டில் மெல்லிய மூன்று கம்பியும் தூண்டில் நரம்பு போலக் கண்ணாடி நிறத்தில் இருக்கும், தடித்த மூன்றின் மேல்தான் உலோகம் சுற்றியிருக்கும். அதைப் பார்த்து ஸ்டீல் என்று சாதிப்பவர்களும் உண்டு, நம்பாதீர்கள். பாக்கெட்டில் 'கிளாசிக்கல்' அல்லது 'நைலான்' என்று இருக்க வேண்டும். 11, 12 என்று கேஜ் (கம்பியின் தடிமன்) எண்ணோடு 'பாஸ்பர் ப்ரான்ஸ்' (Phosphor Bronze) என்றோ '80/20' என்றோ ஸ்டீல் செட்டில் சுற்றும் உலோகத்தின் பெயர் இருந்தால் கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிவிட்டிருந்தால் இன்றே, இப்போதே தளர்த்துங்கள். ஒரே கம்பியை முழுக்கத் தளர்த்தாமல் ஆறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

பில்லில் கம்பியின் பெயரையும் வகையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்குக் கொடுத்ததில் 'ஸ்ட்ரிங் செட் 1' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நல்லவேளை, ஆசிரியர் கழற்றிய ஸ்டீல் கம்பிகளை அண்ணி தூக்கிப் போடவில்லை. அவற்றையும் பிரிட்ஜையும் படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம்.