பட்டன் போன் வாங்கி ஒன்றரை வருஷம்: ஒரு பாவியின் ரிவ்யூ

"அப்பாவுக்கா அண்ணாச்சி?" என்றுதான் கடைக்காரர் கேட்டார். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் சின்னக் கடை. அங்கே பட்டன் போன் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் அப்பாவுக்கோ ஆச்சிக்கோதான் வாங்குகிறார்களாம். "எனக்குத்தான்" என்றேன். என் சட்டைப்பையில் இருந்த பெரிய போனை ஒரு பார்வை பார்த்தார், அதற்குமேல் கேட்கவில்லை. 1,400 ரூபாய்க்கு பில் போட்டார்.

எதற்கு வாங்கினேன் என்று சொல்லாமல் இந்த ரிவ்யூவை எழுத முடியாது. எனக்கு வயது 44. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளிப் பாடம் நடத்துகிறேன். அதே ஆள் ராத்திரி பதினொன்றரைக்கு, வீடு தூங்கின பிறகு, போனில் பார்க்கக்கூடாததைப் பார்ப்பான். பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஜெபம் பண்ணுவான். நாலு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பான். ஏழெட்டு வருஷம் இப்படியே ஓடியது. கன்வென்ஷன் ஜெபக்கூட்டப் பந்தலில் "இன்றைக்கு விடுதலை வேண்டுகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்னும்போதெல்லாம் நின்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பந்தலில் வாங்கின விடுதலை எனக்குப் புதன்கிழமையைத் தாண்டினதில்லை.

சரி, போனுக்கு வருவோம். 1.8 அங்குலத் திரை. 1,000 எம்ஏஎச் பேட்டரி, என் கையில் ஐந்து நாள் தாங்குகிறது. டார்ச் பிரமாதம், கரண்ட் போனால் பக்கத்து வீட்டுக்காரரும் என்னைத்தான் கூப்பிடுகிறார். எஃப்எம் நன்றாக எடுக்கிறது. மெமரி கார்டில் கீர்த்தனைகளும் சங்கீதங்களும் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் தகர டப்பா மாதிரி, இயர்போன் மாட்டினால் பரவாயில்லை. ஐந்தாம் நம்பர் பட்டன் இப்போதே தேய்ந்துவிட்டது. எத்தனையோ தடவை கீழே விழுந்திருக்கிறது. மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் பறக்கும், எடுத்து மாட்டினால் ஓடும்.

வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். இது 2ஜி போன். ஜியோவில் 2ஜியே கிடையாது என்பதால் அந்த சிம் இதில் வேலை செய்யாது, நான் வேறு சிம் போட வேண்டியதாயிற்று. இரண்டாவது, 4ஜி பட்டன் போன் என்று விற்பதில் சிலவற்றில் யூடியூபே இருக்கிறது. என்னைப் போன்ற காரணத்துக்கு வாங்குகிறீர்கள் என்றால் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் காசும் போய் வந்த வேலையும் கெட்டது.

பணம் அனுப்ப, ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் சாதா போன்களுக்காகக் கொண்டுவந்த யுபிஐ 123பே இருக்கிறது. கால் பண்ணி, குரல் சொல்லச் சொல்ல நம்பர் அமுக்க வேண்டும். டீக்கடையில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது அதைச் செய்து பாருங்கள், தெரியும். நான் சில்லறை வைத்துக்கொள்கிறேன். கடை வாட்ஸப் குரூப் ஆபீஸ் கம்ப்யூட்டரில். மகளின் ஸ்கூல் குரூப் மனைவி போனில்.

இனி முக்கியமான விஷயம். வேலைக்கு ஆனதா?

முதல் வாரம் கை தானாகத் தலையணைப் பக்கம் போகும். எடுத்து அமுக்கினால் மணி காட்டும், அவ்வளவுதான். அதில் பாம்பு விளையாட்டு ஒன்று உண்டு. ஏதேன் தோட்டத்து ஆளை இங்கேயும் விடவில்லையே என்று சிரித்துக்கொண்டு இரண்டு ராத்திரி ஒரு மணி வரை அதை ஆடினேன். அப்புறம் அலுத்துவிட்டது. தூக்கம் வர ஆரம்பித்தது. இதை மட்டும் வைத்தே நாலு ஸ்டார் கொடுத்திருப்பேன்.

ஆனால் போன் போனாலும் படம் போகவில்லை. ஏழெட்டு வருஷம் பார்த்தது தலைக்குள் கார்டு போட்ட மாதிரி இருக்கிறது. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், இளவயதில் சிரியா வனாந்தரத்தில் தவம் இருந்தவர். 384ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில், தேளும் காட்டு மிருகமும்தான் எனக்குத் துணை, ஆனாலும் மனசு ரோமாபுரி நடனப் பெண்கள் நடுவே நின்றது என்று ஒப்புக்கொள்கிறார். அவரிடம் எந்தப் போனும் இல்லை.

இன்னொன்றும் முளைத்தது. சபையில் பிள்ளைகள் போனை நோண்டுவதைப் பார்த்தால், என் சின்னப் போனை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேஜையில் வைப்பேன். இயேசு சொன்ன உவமையில், தேவாலயத்தில் நின்று வரி வசூலிக்கிற ஆயக்காரனைக் காட்டி, இவனைப் போல நான் இல்லை என்று ஜெபம் பண்ணின பரிசேயன் கையில் பட்டன் போன் கொடுத்தால் நான்தான்.

நாலாவது மாதம் விழுந்தேன். ராத்திரி ஒரு மணி, மனைவியின் போன். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். அன்று எதுவும் பேசவில்லை. மறுநாள் நானே எல்லாவற்றையும் சொன்னேன், ஏழெட்டு வருஷத்தையும். கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் அந்தப் போனின் பின் நம்பர் மாறியிருந்தது. என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பட்டன் போனைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் அந்த வாரம் இருந்தது. அதே வாரம் வேதபாடத்தில் எங்கள் ஐயர், பவுல் அப்போஸ்தலன் எழுதிய ரோமர் நிருபத்தில் ஏழாம் அதிகாரம் எடுத்தார் (எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்போம்). "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்." ஆதிகாலத் திருச்சபையின் பெரிய போதகர் அகஸ்டின் முதலில் இதைக் கிருபை கிடைக்காத மனுஷனின் புலம்பல் என்று வாசித்தாராம். பிற்பாடு மாற்றிக்கொண்டு, இது விசுவாசியான பவுல் தன்னைப் பற்றியே சொல்வது என்றாராம். இன்றைக்கும் இதில் இரண்டு கட்சி உண்டு. எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பவுலே இப்படித்தானே என்று சொல்லிக்கொண்டு அன்று ராத்திரியே பழைய பெரிய போனைத் தேடுகிற ஆள் நான்.

அதனால் சபையில் ஒரு பெரியவரிடம் சொல்லி வைத்தேன். ரிட்டயர்டு பஸ் டிரைவர். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் கூப்பிடுவார், நான் உள்ளதைச் சொல்ல வேண்டும். கால் பேச இந்தப் போனை அடிக்க ஆளில்லை, குரல் கணீரென்று கேட்கும். பெரிய போனை அவர் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். எனக்கு அது வேண்டுமென்றால் சட்டை மாட்டி, பைக் எடுத்து, அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். இந்த 1,400 ரூபாயில் நான் வாங்கியது அந்தத் தூரத்தைத்தான். இச்சையைக் கொல்லும் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

ஐந்துக்கு மூன்று ஸ்டார். ஒரு ஸ்டார் ஸ்பீக்கருக்காகக் குறைத்தது. இன்னொன்று அந்தப் பரிசேயனுக்காக.

போன சனிக்கிழமையும் கூப்பிட்டார். மொட்டைமாடியில் நின்று எடுத்தேன்.

"எப்படிடே இருந்துச்சு வாரம்?"

"புதன்கிழமை விழுந்துட்டேன் அண்ணாச்சி. ஆபீஸ் கம்ப்யூட்டர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அந்த கம்ப்யூட்டர வாசலப் பாத்து திருப்பி வச்சிரு" என்றார். "சரி, வியாழக்கிழமை?"

"வியாழக்கிழமை ஒண்ணுமில்ல."

"வெள்ளி?"