கதவுக்குள் என்ன ஒட்டினார்கள் என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் யாராவது வண்டிக்குச் சவுண்ட் ப்ரூஃபிங் (வெளிச் சத்தம் உள்ளே வராமல் இருக்க ஷீட் ஒட்டும் வேலை) செய்ய நினைத்தால், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் 34,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எட்டு வருடமாக ஒரு பொட்டுத் துரு இல்லாமல் வைத்திருந்த வண்டியின் கதவுகள் மூன்றே மாதத்தில் அடியில் துருவேறி நிற்கின்றன. அதுதான் ஆறவில்லை.

எதற்காக இந்த வேலையில் இறங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 78 வயது. இரண்டு காதுக்கும் மெஷின். மாதம் ஒரு முறை அவரைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். கோத்தகிரியிலிருந்து மலை இறங்கும்வரை நன்றாகப் பேசிக்கொண்டு வருவார். எந்தத் தோட்டத்தில் யார் வேலை பார்த்தார்கள், எந்த வளைவில் எந்த வருட மழையில் மண் சரிந்தது என்று எல்லாம் வரும். மேட்டுப்பாளையம் தாண்டி வண்டி 60, 70 வேகம் எடுத்ததும் டயர் இரைச்சல் ஆரம்பிக்கும். அவருடைய மெஷின் அந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கிக் கொடுக்கும். காரமடை வருவதற்குள் இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதன் பிறகு கோயம்புத்தூர்வரை ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வரும்போதும் அப்படித்தான். அவரோடு நான் தனியாக இருக்கும் நேரமே அந்தப் பயணம்தான். அதில் பாதி இப்படிப் போவது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

போன ஆகஸ்டில், மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு ஆக்ஸசரீஸ் கடையில் விசாரித்தேன். அங்கே பழைய கார் கதவு ஒன்றை ஸ்டாண்டில் நிறுத்தி, பாதிக்கு மட்டும் ஷீட் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒட்டாத பக்கம் தட்டினால் ‘டங்’ என்று தகரச் சத்தம். ஒட்டிய பக்கம் தட்டினால் ‘டொப்’ என்று அடங்கிவிடும். "பாருங்கண்ணா, இதே ஷீட்டுத்தானுங்க உங்க வண்டிக்கும். சத்தம் பாதிக்குப் பாதி கொறைஞ்சிரும்" என்றார் கடைக்காரர். நாலு கதவு, தரை, டிக்கி, வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு) எல்லாம் சேர்த்து 34,000. ஒரு துண்டுச் சீட்டில் ‘ஃபுல் டேம்பிங்’ (முழு வண்டிக்கும் அதிர்வு அடக்கும் வேலை) என்று இரண்டே வார்த்தை எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

அவர் காட்டிய ஷீட்டில் பொய் இல்லை. அது பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தகடு, இரண்டு மில்லிமீட்டர் பருமன். காரின் தகடு மெல்லிசு. ரோட்டின் அதிர்வு அதில் ஏறும்போது மேளத்தோல் மாதிரி அதிரும். இந்த ரப்பர் அந்த அதிர்வை வாங்கித் துளித்துளியாகச் சூடாக மாற்றிவிடும். மேலே இருக்கும் அலுமினியம் ரப்பரை இழுத்துப் பிடித்தால்தான் அது நன்றாக நடக்கும். ஆனால் இந்த ஷீட்டின் வேலை தகட்டின் அதிர்வை அடக்குவதோடு முடிந்தது. காற்றில் வரும் டயர் இரைச்சலைத் தடுக்க அதற்கு மேல் கனமான வினைல் விரிப்பு வேண்டும். வினைலும் தகடும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க, தண்ணீர் குடிக்காத ஃபோம் வேண்டும். சத்தம் காதுக்குப் பாதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைய வேண்டும். ஒழுங்காகச் செய்த வேலையிலேயே கிடைப்பது சில டெசிபல்தான். ‘பாதிக்குப் பாதி’ என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

காலை ஒன்பதரைக்கு வண்டியை விட்டேன். அட்வான்ஸ் 20,000. "ஷெட்டுக்குள்ள கஸ்டமரை விடறதில்லைங்கண்ணா, இன்சூரன்ஸ் பிரச்சினை" என்றார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டேன். நாலரைக்கு ஃபோன் வந்தது, வண்டி ரெடி என்று. சீட்டுகளைக் கழற்றி, கார்ப்பெட்டை எடுத்து, தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஷீட்டை ரோலரால் அழுத்தி ஒட்டி, எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். அத்தனை இடத்துக்கும் ஒழுங்காகச் செய்தால் குறைந்தது இரண்டு நாள் வேலை அது. ஏழு மணி நேரத்தில் முடிந்தது என்றதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடைக்காரரே பக்கத்தில் உட்கார்ந்து தெருவுக்குள் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். வேகம் இருபது, இருபத்தைந்து. "சத்தமே இல்லை பாருங்கண்ணா." அந்த வேகத்தில் எந்தக் காரிலும் டயர் சத்தம் பெரிதாக வராது. இஞ்சின் சத்தத்தை மீறி டயர் சத்தம் மேலேறுவது வேகம் கூடும்போதுதான். சோதனை ஓட்டம் என்றால் மெயின் ரோட்டில் எழுபதில் போக வேண்டும். மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு மலை ஏறினேன்.

ஏறும்போது வண்டி உண்மையிலேயே அமைதியாக இருந்தது. வீட்டில்கூடச் சந்தோஷமாகச் சொன்னேன். காரணம் மறுநாள் காலையில்தான் புரிந்தது. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஒரே மூச்சில் ஏறினால் காது அடைக்கும். அடைத்த காதில் எல்லாமே மெதுவாகத்தான் கேட்கும். மலையில் இருக்கும் நாம் கீழே போய்ச் செய்துகொண்டு வரும் எந்தச் சத்த வேலையையும், ஏறிவரும்போது கேட்டு மதிப்பிடக் கூடாது.

அடுத்த மாதம் அப்பா வழக்கம்போலக் காரமடையில் மெஷினைக் கழற்றிவிட்டார். வேலைக்கு முன்னால் அக்கா மகன் ஃபோனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, காரமடைப் பக்கம் நேரான ரோட்டில் எழுபது வேகத்தில், கண்ணாடி ஏற்றி, ஃபேனை அணைத்து அளந்து வைத்திருந்தான். அப்போது 72 டெசிபல். அதே இடத்தில் அதே மாதிரி திரும்ப அளந்தோம். 71. ஃபோன் காட்டும் எண் துல்லியம் இல்லைதான், ஆனால் ஒரே ஃபோனில் முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடலாம். நீங்களும் இதை முதலிலேயே செய்து, எண்ணைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு ஃபோன் செய்தேன். "ஷீட் செட்டாக ஒரு மாசம் ஆகுங்கண்ணா" என்றார். அந்த ஷீட் ஒட்டிய நிமிடத்திலிருந்து வேலை செய்ய வேண்டியது. செட் ஆவது என்று எதுவும் கிடையாது.

அக்டோபர் கடைசியில் நம்ம மழை தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் வண்டிக்குள் ஈரத் துணி மக்கிய வாடை. பின் சீட்டின் காலடி விரிப்பை அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. வளைவில் திருப்பும்போது இடது பின் கதவுக்குள் ‘சளக் சளக்’ என்று குடத்துத் தண்ணீர் மாதிரி அலசியது. கண்ணாடிகளில் உள்பக்கம் பனி படிந்து, விடிகாலையில் பத்து நிமிடம் துடைத்தால்தான் ரோடு தெரியும். மூடுபனியில் மலை ரோட்டில் இது எவ்வளவு ஆபத்து!

இங்கேயே நம்ம ஊர் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றினார். கிளிப்புகளில் பாதி உடைந்திருந்தன. உள்ளே பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

ஸ்பீக்கர் துளையைச் சுற்றி எட்டிப் பார்த்தால் தெரியும் இடத்திலும் கதவின் அடி விளிம்பிலும் மட்டும், அரையடி அகலத்துக்கு அலுமினியத் தகடு வைத்த ஷீட். அதுவும் கடையில் காட்டிய பியூட்டைல் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகினால் ஒட்டுவோமே, அந்தத் தார் டேப். மூக்குக்கருகில் கொண்டு போனாலே ரோடு போடும் வாடை. மீதி இடம் முழுவதும் மெத்தைக்குப் போடும் சாதாரண ஸ்பாஞ்ச். துண்டு துண்டாகக் கிழித்துத் திணித்திருந்தார்கள். அவர் பிழிந்தபோது ஒரு சின்ன வாளி நிறையத் தண்ணீர் வந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். கார் கதவுக்குள் மழைத் தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடியை ஒட்டிய ரப்பர் பீடிங் வழியாகக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறங்கிய தண்ணீர் வெளியே போகக் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் வண்டிக்குள் வராமல் இருக்க டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். என் வண்டியில் அந்தத் துளைகளின் மேலேயே தார் டேப்பை இழுத்து ஒட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் ஷீட்டைக் கத்தியால் கிழித்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். இறங்கிய தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை, உள்ளே வர வழி இருந்தது. ஸ்பாஞ்ச் அதை நாள் முழுவதும் தகட்டோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது. கீழே சமவெளியில் என்றால் வெயிலில் கொஞ்சமாவது காயும். நவம்பரில் இங்கே எங்கே காயும்?

தரையைப் பார்க்க கார்ப்பெட்டைத் தூக்கினோம். ஒன்றுமே இல்லை. சீட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்லை. டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் ஒரே ஒரு துண்டு. வீல் ஆர்ச்சில் கருப்பு ஸ்ப்ரே அடித்து விட்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். "மலையில ஈரம் ஜாஸ்திங்கண்ணா, அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்? பேடை வேற ஆள் கழட்டிட்டாரு, இனி எங்க வாரண்டி இல்லீங்க" என்றார். அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதில்லை.

இரைச்சலுக்கான உண்மையான காரணத்தையும் அந்த மெக்கானிக்தான் கண்டுபிடித்தார். முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவச் சொன்னார். வழுவழு என்று போனது. எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப் பல் மாதிரி கை தடுக்கியது. டயர் ஒவ்வொரு கட்டமாகச் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது, அதுதான் ரோட்டில் ‘ஊம்’ என்று ஊளையிடுகிறது என்றார். வளைவில் ஒடித்து ஒடித்து ஓட்டுகிறோம், டயரை முன்பின் மாற்றிப் போடுவதும் இல்லை, அப்படித்தான் தேயும். டயர் பக்கவாட்டில் கடைசி நாலு எண் 1117 என்று இருந்தது. 2017ஆம் வருடம் 11வது வாரம் செய்தது என்று அர்த்தம். ரப்பர் இறுகிவிட்டது. வண்டியோடு வந்த டயர், டயர் பட்டன் இன்னும் முழுதாகத் தேயவில்லையே என்று நானும் விட்டுவைத்திருந்தேன். வீல் பேரிங்கும் பார்த்தார். அது போயிருந்தாலும் இதே மாதிரி இரையுமாம், ஆனால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் சத்தம் கூடும், மறுபக்கம் குறையும். என் வண்டியில் பேரிங் நன்றாக இருந்தது.

நாலு டயரும் மாற்றி, பேலன்சிங், அலைன்மென்ட் செய்தேன். 17,600 ஆனது. காரமடை ரோட்டில் அதே இடத்தில் அளந்தால் 68. புதிதாக ஒரு ஷீட்கூட ஒட்டாமல் மூன்று டெசிபல் குறைந்தது. அப்பா பெரியநாயக்கன்பாளையம் தாண்டியும் மெஷினைக் கழற்றவில்லை.

அதனால் ஷீட் ஒட்டும் எண்ணம் இருந்தால் டயர், காற்று, பேரிங், கதவு பீடிங் நாலையும் பார்த்த பிறகு போங்கள். ஒட்டுவதென்று முடிவானால், எந்தப் பொருள், எத்தனை ஷீட், எந்தெந்த இடம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பாக்கெட்டை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பேட் மூடுவதற்கு முன் ஒவ்வொரு கதவையும் நேரில் பாருங்கள், அடித்துளைகள் திறந்திருக்கின்றனவா என்று விரலை வைத்தே பாருங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் கதவுக்குள் அதற்கான சென்சார் இருக்கலாம். அதில் கை வைக்கத் தெரிந்தவர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே விடமாட்டேன் என்று சொல்லும் ஷெட்டில் வண்டியை விடாதீர்கள். என்னை அன்றைக்கு உள்ளே விட்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

பணத்துக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடை கோவை மாவட்டத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஊட்டியிலேயே ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணம் கிடையாது. நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, ஃபோட்டோக்கள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்று கதவுகளில் துருவைச் சுரண்டி, துளைகளைத் திறந்து, புது பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியாகிவிட்டது. இடது பின் கதவுக்கு மட்டும் டிங்கரிங் பாக்கி. இந்த மழையில் பெயிண்ட் அடித்தால் நிற்காது, வெயில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தை பிறந்ததும் கொண்டு போகிறேன்.