பழைய ஸ்பீக்கர்களில் கிராஸ்ஓவர் மின்தேக்கிகளை மாற்றிய பின்: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து ஸ்பீக்கரின் ஒவ்வொரு அலகுக்கும் அனுப்பும் சுற்றான கிராஸ்ஓவரில் உள்ள மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்) மாற்றிவிட்டால் ஒலியே வேறாகிவிடும் என்ற பேச்சு, பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களிடையே நெடுநாளாக உண்டு. 1980களின் தொடக்கத்தில் தயாரான, மூடிய பெட்டி வகையைச் சேர்ந்த, உச்ச, நடு, தாழ் ஒலிகளுக்குத் தனித்தனி அலகு கொண்ட மூவழி ஸ்பீக்கர் ஜோடி ஒன்றில் அந்த வேலையைச் செய்துவிட்டு, சில ஆண்டுகளாக அன்றாடம் கேட்டும் அவ்வப்போது அளந்தும் வந்திருக்கிறேன். ஒலி மாறியது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு புதிய மின்தேக்கிகளின் உயர்ந்த தரத்தால் வந்ததன்று. ஆளுக்கொரு பக்கமாக விலகிப்போயிருந்த மின்தேக்கி அளவுகள் இரண்டு பெட்டிகளிலும் ஒன்றுபோல மீண்டதால் வந்தது.

என் ஸ்பீக்கர்களில், உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கு முன்னால் 4 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று மட்டுமே இருக்கிறது. நடு அலைவரிசைக்கு ஒரு மின்தேக்கியும் ஒரு காயிலும் (கம்பிச்சுருள்), தாழ் ஒலிகளைத் தரும் ஊஃபருக்கு ஒரு பெரிய காயிலும் அதற்குக் குறுக்கே 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் உள்ளன. மின்தேக்கிகள் எல்லாமே முனைப் பேதம் இல்லாத, அதாவது நேர், எதிர் முனை என்ற வேறுபாடு இல்லாத, எலக்ட்ரோலிட்டிக் வகை. இடத்தையும் செலவையும் மிச்சப்படுத்துவதற்காக அக்காலத்துத் தயாரிப்பாளர்களில் பலர் இவற்றையே பயன்படுத்தினார்கள். உள்ளே ஈரமான மின்பகுளி இருப்பதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்ந்து உள்தடை ஏறுகிறது. அலுமினியத் தகட்டின் மேலுள்ள ஆக்சைடு படலம் சிதைந்தால் கசிவு கூடி, கொள்ளளவு அச்சிட்டதைவிட அதிகமாகக் காட்டுவதும் உண்டு. ஆகவே பழைய மின்தேக்கி என்றாலே அளவு குறைந்திருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

ஒரு முனையைப் பலகையிலிருந்து கழற்றிய பிறகே அளக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்திலுள்ள காயிலும் ட்வீட்டரும் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும். கொள்ளளவையும் உள்தடையையும் காட்டும் எல்சிஆர் மீட்டரில் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தபோது, இடப்பக்கத்து ட்வீட்டர் மின்தேக்கி 5.0 மைக்ரோஃபாரடும் 1.2 ஓம் உள்தடையும் காட்டியது, வலப்பக்கத்தில் 4.3 மைக்ரோஃபாரடும் 0.5 ஓமும் இருந்தன. ட்வீட்டரை 8 ஓம் தடையாக எளிமைப்படுத்திக் கொண்டால், 4 மைக்ரோஃபாரடுக்கு ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸில் அமைய வேண்டிய பிரிப்பு (ட்வீட்டர் ஒலியை ஏற்கத் தொடங்கும் அதிர்வெண்), இடப்பக்கம் 4,000 ஹெர்ட்ஸுக்கும் வலப்பக்கம் 4,600 ஹெர்ட்ஸுக்கும் இறங்கியிருந்தது. அதற்கு மேல், இடப்பக்கத்து உள்தடை மட்டுமே உச்ச அதிர்வெண்களில் சுமார் 1.2 டெசிபெல்லை விழுங்கிக்கொண்டிருந்தது. பாடகரின் குரல் நடுவில் நிற்காமல், சில எழுத்துகளில் வலப்பக்கமாக நகர்வதுபோல் கேட்டதற்குக் காரணம் இதுதான். குறிப்பாக ‘ச’, ‘ஸ’ ஒலிகள் குரலை விட்டுப் பிரிந்து தனியே ஓரிடத்திலிருந்து வந்தன. அறையின் அமைப்புதான் அப்படிச் செய்கிறது என்று நெடுநாள் நினைத்துக்கொள்ளத் தோன்றும் அளவுக்கு நுணுக்கமான குறை இது.

ட்வீட்டருக்கும் நடு அலைவரிசைக்கும் பாலிப்ரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் படலத்தாலான ஃபிலிம் மின்தேக்கிகளைத் தேர்ந்தேன். இவற்றில் உலர்ந்துபோக ஈரம் எதுவும் இல்லை. அளவு விலகலும் பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்குள் அடங்கும். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய எலக்ட்ரோலிட்டிக்கின் உள்தடையையும் கணக்கில் கொண்டே வடிவமைப்பாளர் ட்வீட்டரின் ஒலி அளவைத் தீர்மானித்திருப்பார். உள்தடை ஏறக்குறைய இல்லாத ஃபிலிம் மின்தேக்கியை அப்படியே பொருத்தினால் ட்வீட்டர் சற்று முந்திக்கொண்டு ஒலிக்கும். முதல் சில நாள்களுக்கு அது ‘திரை விலகியது’ போன்ற தெளிவாகத் தோன்றும். பிறகு மெல்ல மெல்லக் காது களைக்கத் தொடங்கும். மின்தேக்கியுடன் தொடராக 0.47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தபோது ட்வீட்டரின் ஒலி அளவு அரை டெசிபெல் இறங்கியது. அரை டெசிபெல் என்பது காகிதத்தில் அற்பமான எண்தான். ஆனால் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரே சீராகக் கூடினாலோ குறைந்தாலோ, வயலினின் வில் உரசலிலும் கஞ்சிராவின் சலங்கையிலும் அது தெரிகிறது. இந்த ரெசிஸ்டரைக் கழற்றியும் மாட்டியும் கேட்ட பிறகு, கழற்றி வைக்க மனம் வரவில்லை.

ஊஃபருக்குக் குறுக்கே உள்ள 47 மைக்ரோஃபாரடுக்கு, ஃபிலிம் வேண்டாம் என்று முடிவெடுத்து, முனைப் பேதமற்ற புதிய எலக்ட்ரோலிட்டிக்கையே போட்டேன். அந்த அளவில் ஃபிலிம் மின்தேக்கி மிகப் பெரிதாக இருக்கும் என்பது ஒரு காரணம். முதன்மையான காரணம், அந்த இடத்தில் உள்தடை குறைந்தால் காயிலும் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டியின் தணிப்புக் குறைந்து, பிரிப்பு அதிர்வெண்ணுக்கு அருகில் ஒரு மேடு எழக்கூடும் என்பது. ஆண்குரலின் அடிக்குரலில் மார்புக்கூட்டுக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஒரு கனம் தேவையில்லாமல் ஏறிவிட்டதென்றால் இந்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சாதாரண, முனைப் பேதமுள்ள மின்தேக்கியை ஒருபோதும் இங்கே வைக்கக் கூடாது. மாறுதிசை மின்னோட்டத்தில் அது நிலைக்காது.

பெரிய மின்தேக்கியின் மேல் 0.1 மைக்ரோஃபாரட் அளவுள்ள சிறிய, விலையுயர்ந்த ஃபிலிம் ஒன்றை இணையாகச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. 20,000 ஹெர்ட்ஸில் அந்தச் சிறு மின்தேக்கியின் எதிர்ப்பு சுமார் 80 ஓம்; அதன் பக்கத்திலுள்ள 4 மைக்ரோஃபாரடின் எதிர்ப்போ 2 ஓம்தான். மின்னோட்டம் எந்த வழியாகப் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சேர்த்துக் கேட்டேன், அளந்தும் பார்த்தேன். வேறுபாடு எதையும் காணவில்லை. புதிய மின்தேக்கி ‘பழகுவதற்கு’ நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும் என்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை. மாற்றிய அன்று எடுத்த அளவும் பல மாதங்கள் கழித்து எடுத்த அளவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. பழகியது காதுதான்.

வேலையைப் பற்றிச் சில சொற்கள். ஃபிலிம் மின்தேக்கிகள் பழையவற்றைவிடப் பல மடங்கு பருமனானவை என்பதால் பலகையில் இடம் போதாது. அவற்றை இடம் மாற்றி வைக்கலாம், காயில்களை மட்டும் நகர்த்தக் கூடாது. ஒன்றின் காந்தப் புலம் மற்றொன்றில் பாயாதவாறு அவை திசை மாற்றி நிறுத்தப்பட்டிருக்கும். கனமான மின்தேக்கியைக் கால் கம்பிகளை மட்டும் நம்பித் தொங்க விடாமல் கேபிள் டையால் கட்ட வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குள் ஏற்படும் அதிர்வில் சால்டர் விரிசல் விடும். இன்னும் பழைய, 1960கள், 70களின் ஸ்பீக்கர்களில் எண்ணெய் நிரப்பிய உலோகக் குவளை மின்தேக்கிகள் இருந்தால் எச்சரிக்கை வேண்டும்: அவற்றுள் சிலவற்றில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் இருக்கிறது. அமெரிக்கா அதன் தயாரிப்பை 1979இல் தடை செய்தது. கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது.

அசல் அளவை விட்டு விலகி, காதுக்கு இனிமையாக இருக்கும் என்று 4 மைக்ரோஃபாரடை 4.7 ஆக்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 1970களில் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரில், ட்வீட்டருக்கு ஏற்ப ஒலி அளவைச் சரிசெய்ய கிராஸ்ஓவரிலேயே பல முனை எடுப்புகள் கொண்ட மின்மாற்றி வைத்திருந்தார்கள். ஒலி எழுப்பும் அலகுக்கும் கிராஸ்ஓவர் வடிகட்டிக்கும் இடையிலான பொருத்தம் அவ்வளவு நெருக்கமானது. சரியான அளவு ஒரே மின்தேக்கியில் கிடைக்காவிட்டால், 6.8ஐயும் 1.2ஐயும் இணையாகச் சேர்த்து 8 ஆக்குவதுபோல் கூட்டிக்கொள்வது எளிது.

பெட்டியைத் திறந்த கையோடு முகப்பிலுள்ள ஒலி அளவுக் குமிழ்களையும் சுத்தம் செய்தேன். உண்மையைச் சொன்னால், நடு அலைவரிசை திடீரென்று மங்கிப்போய், குமிழைத் தொட்டால் திரும்பி வந்த தொல்லை, மின்தேக்கிகளால் அன்றி இந்தத் துருப்பிடித்த தொடுமுனைகளால்தான் வந்திருந்தது. மின்தேக்கிக்குச் செலவிடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

அண்மையில் மீண்டும் எல்லாவற்றையும் அளந்தேன். ஃபிலிம் மின்தேக்கிகள் மீட்டரின் துல்லியத்துக்குள் அசையாமல் இருக்கின்றன. ஊஃபரின் எலக்ட்ரோலிட்டிக்குகள் இரண்டும் சற்றே நகர்ந்திருந்தாலும் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன. குரல் நடுவில் நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ட்வீட்டர் காட்டும் மின் எதிர்ப்பைக் குறிக்கும் மின்மறுப்பு வரைபடத்தில், வலப்பக்க ட்வீட்டரின் ஒத்ததிர்வு முகடு இடப்பக்கத்தைவிடத் தட்டையாகிக்கொண்டு வருகிறது. ட்வீட்டரை அசைக்கும் குரல்சுருளைச் சுற்றியுள்ள காந்தத் திரவம் தடித்துப் பிசினாகிவருவதற்கான அறிகுறி அது. எந்த மின்தேக்கியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அடுத்து அந்தத் திரவம் நிற்கும் இடைவெளியைத் துடைத்துப் புதுத் திரவம் இட வேண்டும். அதை இரண்டு ட்வீட்டர்களிலும் ஒரே நாளில் செய்வதாக இருக்கிறேன்.